தாழ்வாக அடித்த ஆணி

வேன் கதவு அடைபட்ட சத்தம் கேட்டதும் நான் நேராக அடுப்படிக்குப் போயிருக்க வேண்டும். பால் பாத்திரம் ஊறிக்கொண்டிருக்கிறது, அதைத் தேய்த்துக் கவிழ்த்திருக்கலாம், யாருக்கும் ஒரு கேடும் இல்லை. கண் சும்மா இருந்தால்தானே. வாசல் நிலைக்குப் பக்கத்து ஆணிக்கு அது போயிற்று, ஆணியில் தருணின் பள்ளிக்கூட அட்டை தொங்கிக்கொண்டிருக்கிறது. நீல நாடாவில் கோத்த அட்டை, படத்தில் பல் விழுந்த வாயோடு என் பிள்ளை, கீழே இரண்டாம் வகுப்பு, அப்பா பெயர், அப்பா போன் நம்பர். அம்மா பெயருக்கு அதில் இடமில்லை, போகட்டும், இப்போது அந்த வழக்கு எதற்கு. மறந்துவிட்டான். பையை முதுகில் மாட்டினான், தண்ணீர் பாட்டிலைத் தோளில் போட்டான், ஷூவை இடம் வலம் மாறாமல் போட்டான், சாப்பாட்டுப் பையை எடுத்தான், எனக்கு டாட்டா கூடக் காட்டினான், கழுத்தில் மாட்ட வேண்டியதை மட்டும் ஆணியிலேயே விட்டுவிட்டான். என் கை அட்டையை எடுத்துவிட்டது, கால் வாசலுக்கு வந்துவிட்டது, கேட்டைத் திறந்து "அண்ணே" என்று கத்துவதற்கு வாயும் திறந்தது, அப்புறம் மூடிக்கொண்டேன். வேன் ஒன்றும் போய்விடவில்லை. எங்கள் தெரு முட்டுத் தெரு. கோடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய், அங்கே இரட்டைப் பின்னல் போட்ட அக்கா தங்கை இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு, வண்டியைத் திருப்பி, மறுபடி எங்கள் வாசல் வழியாகத்தான் அது வெளியே போக வேண்டும். அந்தப் பெண்களுக்கு ரிப்பன் கட்டி முடிந்த பாடில்லை என்பது தெருவுக்கே தெரியும். ஆக நேரம் இருக்கிறது. திரும்பி வரும்போது கையை நீட்டினால் போதும், ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்வான். கையை நீட்ட மாட்டேன் என்றுதானே இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீட்ட மாட்டேன். பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதை நீயே எடுத்து வை, நீயே எடுத்துப் போ, மறந்தால் நீயே நினைத்துப் பார், அம்மா பின்னாலேயே தூக்கிக்கொண்டு ஓடிவர மாட்டேன். இது அவனுக்கும் எனக்கும் உள்ள ஒப்பந்தம். ஒப்பந்தம் போடுவது சுலபம், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பதுதான் கஷ்டம். அட்டை இல்லாமல் போனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் பிரேயர் முடியும்வரை வரிசைக்கு வெளியே நிற்க வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் பார்க்கும். போன வாரம் டைரியை மறந்துவிட்டுப் போனான். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். நின்றவனுக்கு ஒன்றுக்கு வந்திருக்கிறது, கேட்க வாய் வரவில்லை. டீச்சர் உள்ளே பாடம் நடத்துகிறாள், இவன் கதவோரம் காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறான், எப்படிக் கேட்பது என்று யோசிக்கிறான், யோசித்து முடிப்பதற்குள் ஆகிவிட்டது. சாயங்காலம் யாருடையதோ தொளதொளப்பான கால்சட்டையை ஊக்கு போட்டு இறுக்கிக்கொண்டு வந்து இறங்கினான், கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கவர். கவரை நான் பிரிப்பதற்கு முன்னால் அவன் அப்பா பிரித்துவிட்டார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. கவரை மறுபடி முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு, போனை எடுத்து அவர் அக்காவிடம் ரொம்ப நேரம் தணிந்த குரலில் பேசினார், பேசிவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.

"இன்னொரு தடவ இப்படி ஒண்ணு ஆச்சுன்னா, அடுத்த திங்கக்கிழமையிலேருந்து அவன் அக்கா வீட்டுலேருந்துதான் ஸ்கூலுக்குப் போவான். ஞாயித்துக்கிழம ராத்திரியே கொண்டுபோய் விட்டுடுவேன். உன் பரீட்சையெல்லாம் எம்புள்ளைய எழுத வெக்காத."

எம்புள்ளை. அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது, அதையும் பார்த்தேன், அதனால்தான் அன்றைக்குச் சண்டை போடவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இந்த அட்டையால் அவன் அழுதுகொண்டு வந்தால் ஞாயிறு ராத்திரி பையைக் கட்டிவிடுவார்கள். காலையில் அவனை எழுப்புவதும், தூக்கத்தில் சூடாக இருக்கும் அந்தக் கழுத்தை மோந்து பார்ப்பதும், பல் தேய்க்கும்போது கண்ணாடியில் அவன் காட்டும் பழிப்பும் எல்லாம் அவர் அக்கா அன்புச்செல்வி அண்ணிக்குப் போய்விடும். அதோ, வேன் தொட்டிக்கிட்டே நிற்கிறது. ஹாரன் அடிக்கிறது. ரிப்பன் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது, முடியாமலே இருக்கட்டும், இன்றைக்கு மட்டும் அந்தப் பெண்களுக்கு முழங்கால்வரை முடி வளரட்டும்.

இந்த ஆணியை அடித்த அன்றைக்கே வம்பு ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரர் வீட்டை விடும்போதே சொல்லிவிட்டார், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, பெயிண்ட் புதுசு. சாமி படத்தையே ஒட்டுகிற கொக்கியில்தான் மாட்டியிருக்கிறோம், வெயில் காலத்தில் முருகன் அடிக்கடி கீழே வந்துவிடுவார். ஆனால் ஒருநாள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தேன், இந்த வீட்டில் எல்லாம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. அலமாரிக் கைப்பிடி, கொக்கி, ஸ்விட்ச், துணிக் கொடி, டம்ளர் வைக்கும் தட்டு. எல்லாவற்றையும் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, பொருளை இடத்தில் வைக்கத் தெரியவில்லையா தடிமாடே என்று அவன் முதுகில் நாலு வைக்கிறோம். எட்டாத இடத்தில் எப்படி வைப்பான், விட்டெறிவான், அதைத்தான் செய்துகொண்டிருந்தான். கீரையை அப்படியே போட்டுவிட்டு அவனைச் சுவரோடு சாய்த்து நிற்க வைத்தேன், தோளுக்கு நேரே பென்சிலால் கோடு போட்டேன், தேங்காய் உடைக்கிற அரிவாளின் முதுகால் ஓங்கி அடித்தேன். காரை கொஞ்சம் பெயர்ந்தது, பெயரட்டும். மோட்டார் பார்க்க வந்த வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, யாராவது இடுப்புக்குக் கீழே ஆணி அடிப்பார்களா என்றார். சார், உங்களுக்குத்தான் அது இடுப்பு, அவனுக்குத் தோள் என்றேன். அவர் ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார். ஆணி இருக்கிறது. அதற்குக் கீழே செருப்பு வைக்கும் இடம், பக்கத்தில் பைக்கு ஒரு ஸ்டூல். எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும், இது இந்த வீட்டில் எல்லாருக்கும் சட்டம், குழந்தைக்கு மட்டும் இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். தருண் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவன் அப்பா நகவெட்டியை டிவி மேல் வைத்தால் போதும், எடுத்தா எடுத்த எடத்துல வைக்கணும் என்று நீதிபதி மாதிரி சொல்வான். சரிங்க சார் என்று சிரித்துக்கொண்டே அவர் எடுத்து வைப்பார், அது விளையாட்டு. விளையாட்டாக எடுத்து வைப்பவர்தான் அவர் வேட்டி எங்கே என்று நிஜமாகவே என்னைக் கேட்பார்.

"சுகந்தி, துண்டு!"

கேட்டீர்களா. சொல்லி வாய் மூடவில்லை. குளியலறையிலிருந்து தினமும் வரும் குரல், தண்ணீர் நிற்கிற சத்தம் கேட்ட உடனே வரும். உள்ளே போகும்போது துண்டு என்று ஒன்று உலகத்தில் இருப்பது இவர் நினைவுக்கே வராது, ஈரமாக நிற்கும்போதுதான் வரும். துண்டு பின்கதவுக்கு வெளியே கொடியில் இருக்கிறது, நேற்றும் அங்கேதான் இருந்தது, நாங்கள் உறையூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. இதே மனிதர் டைல்ஸ் கடையில் மேனேஜர். பாத்ரூம் டைல்ஸில் ரோஜா கலர், பூப்போட்டது, போன வருஷ மாடல் என்று யாராவது போனில் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு குடோனில் எந்த வரிசையில் எந்த அடுக்கில் என்று சொல்லுவார், உடையாமல் எடுக்கச் சொல்லுவார். பொருள் இருக்கும் இடம் தெரியாத மனிதர் இல்லை அவர். வீட்டுக்குள் வந்ததும் தெரிய வேண்டியதில்லை என்று யாரோ அவருக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பனியன் எங்கே, பெல்ட் எங்கே, வண்டிச் சாவி எங்கே, எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான் விலாசம். அதற்காக அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பார், உப்பு டப்பா எங்கே என்று கேட்டுக்கேட்டு வைப்பார். காய்ச்சலில் படுத்துக்கொண்டு உப்பு டப்பாவுக்கு வழி சொல்லியிருக்கிறேன். என் பிள்ளை நாளைக்கு இன்னொரு பெண்ணை அப்படிப் படுத்தக் கூடாது, வேறொன்றும் இல்லை, இந்த ஆணி, இந்த ஸ்டூல், இந்தப் பிடிவாதம் எல்லாம் அதற்குத்தான். "சுகந்தி!" கூப்பிடட்டும். இப்போது நான் வாசலில் நிற்கிறேன்.

அண்ணி சொல்வது வேறு. பிள்ளைகளுக்குப் படிப்பு ஒன்றுதான் வேலை, மிச்சமெல்லாம் அம்மா வேலை என்பாள். அவள் பையன் பிரசன்னாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புவரை அவள்தான் பேனாவில் மை பார்த்தாள், ஷூவுக்குப் பாலிஷ் போட்டாள், வாயில் ஊட்டியும் விட்டாள், படித்துக்கொண்டே சாப்பிட்டான், நல்ல மார்க் வாங்கினான், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. இப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். வாரா வாரம் அழுக்குத் துணியை மூட்டையாகக் கட்டி திருச்சி பஸ்ஸில் போட்டுவிடுகிறான், அண்ணி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வந்து, துவைத்துத் தேய்த்து, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுகிறாள். ஒரு தடவை மூட்டை மாறி யாரோ ஒருவருடைய காய்கறி வந்துவிட்டது, பாவம், அந்த மனிதர் பிரசன்னாவின் ஜட்டியைப் பிரித்துப் பார்த்திருப்பார். இதைச் சொல்லி அண்ணி சிரித்தாள். சிரித்துவிட்டு, என்ன இருந்தாலும் ஆம்பளப் புள்ளை சுகந்தி, அவன வேலை வாங்கலாமா என்றாள். ஏழு வயதுப் பிள்ளை அவன் பென்சில் டப்பாவை அவன் பைக்குள் வைப்பது வேலை வாங்குவதாம். அண்ணிக்கு அவனை உயிர், அதுதான் பயமே. பகையாளி கையில் பிள்ளை போனால் சண்டை போட்டு மீட்கலாம், இவள் கையில் போனால் ஒரே வாரத்தில் அவன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பான், அவனுக்கு அதுதான் பிடிக்கும், யாருக்குத்தான் பிடிக்காது. எங்கள் வீட்டில் என் தம்பிக்குப் பிடித்திருந்தது. அவன் பையை நான்தான் அடுக்குவேன், அடுக்கத் தெரிந்தவள் என்பதால் இல்லை, பெண் என்பதால். அவன் காம்பஸ் டப்பாவை மறந்துவிட்டுப் போனால் வாத்தியார் அவனை வைவார், அம்மா என்னை வைவாள், ஏண்டி எடுத்து வைக்கலை என்று. அவன் மறதிக்கு எனக்குத் தலையில் குட்டு. அந்தக் குட்டு விழுந்த இடம் இப்போதும் சில சமயம் விறுவிறுக்கிறது, குறிப்பாக இந்த வீட்டில் யாராவது எங்கே எங்கே என்று கத்தும்போது.

ஆனால் கற்றுக்கொடுப்பது என்பது பேச்சில் இருக்கிற மாதிரி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். முதல் நாள் பையைத் தரையில் கவிழ்த்தோம். காய்ந்துபோன இட்லித் துண்டு, பென்சில் சீவிய தூள், அடுத்த பையனின் பாதி ரப்பர், ஒற்றைச் சாக்ஸ், ஒரு செத்த பொன்வண்டு. பொன்வண்டை மறுபடி வைத்துக்கொள்ள வேண்டும் என்றான், அதற்கும் ஒரு இடம் பார்த்தோம். டைம்டேபிளைப் படித்துப் புரிந்துகொள்கிற வயதில்லை, அதனால் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் கிழமைக்கு ஒரு படம் போட்டு ஒட்டினேன், விளையாட்டு நாளுக்குப் பந்து, ஓவிய நாளுக்கு பிரஷ், நான் வரைந்த பந்து பூசணிக்காய் மாதிரி இருக்கிறது என்று சிரித்தான். சாயங்காலம் சாயங்காலம் அவன் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நான் வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடியும். அவன் ஒரு நோட்டை எடுப்பான், அட்டையில் உள்ள படத்தைப் பார்ப்பான், நோட்டைத் திறந்து அவனே போட்ட யானையை ரசிப்பான், மூடுவான், தலைகீழாகச் செருகுவான், எடுப்பான், நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பான். என் கை துடிக்கும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வேன், மரத்துப்போகும்வரை. வாயையும் எதன் அடியிலாவது வைக்க முடிந்தால் நன்றாக இருக்கும். பிள்ளைக்குப் பழக்கம் வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு பழக்கம் போக வேண்டியிருந்தது, அது இன்னும் முழுதாகப் போகவில்லை என்பதற்கு என் உள்ளங்கையில் இருக்கும் இந்த அட்டையே சாட்சி.

"என்ன சுகந்தி, தருண் கார்டா?" எதிர்வீட்டு பானு, வாசலில் பல் தேய்த்துக்கொண்டே கேட்கிறாள். நுரையைத் துப்பிவிட்டு, "நீ நில்லு, வண்டி திரும்பறப்ப நான் கைகாட்டி நிறுத்தறேன்."

"வேணாம் பானு. நிறுத்தாத."

பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது அவளுக்கு. வேணாமா என்று கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். பாவி என்று நினைத்திருப்பாள், நினைத்துக்கொள்ளட்டும், மதியம் கேட்டால் சொல்கிறேன். எனக்கே உள்ளுக்குள் ஒரு குரல் அதைத்தான் சொல்கிறது. பிள்ளையைப் பணயம் வைத்து யாரோடு சண்டை போடுகிறாய், அண்ணியோடா, உன் அம்மாவோடா, குளியலறைக்குள் ஈரமாக நிற்கிறவரோடா? வரிசைக்கு வெளியே நிற்கப்போவது நீ இல்லையே, அவன்தானே. மறுபடி கால்சட்டை நனைந்தால் என்ன செய்வாய். கூட இருக்கும் பிள்ளைகள் அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள், அந்தப் பெயர் பெரிய வகுப்புவரை கூடவே வரும். நானே பள்ளிக்கூடத்துக் கதவோரம் நிற்கிற மாதிரி இருக்கிறது. இந்த ஒரு தடவை கொடுத்துவிட்டால் என்ன, குடியா முழுகிப்போகும், ஒரே ஒரு தடவை. அந்த ஒரே ஒரு தடவைதான் பஸ்ஸில் மூட்டையாக வந்து இறங்குகிறது என்று இன்னொரு குரல். இரண்டு குரலும் என்னுடையதுதான், இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் நான் யாரைக் கேட்பது. அவனுக்கு அட்டை வேண்டும் என்பது எனக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரிய வேண்டும், எனக்குத் தெரிந்து என்ன பிரயோசனம். என் தலையை அவன் கழுத்தில் எத்தனை வருஷத்துக்கு மாட்டி அனுப்புவது. வேன் திரும்பிவிட்டது. பின்னால் வந்து, முன்னால் போய், மறுபடி பின்னால் வந்து, தொட்டியை உரசாமல் திருப்பிவிட்டார் வேன் ஓட்டும் டேவிட் அண்ணன். தெருவில் எந்த அம்மாவும் அவரிடம் வாய் கொடுக்க மாட்டாள், ஒரு நிமிஷம் தாமதமானாலும் கொதிக்கிற எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி வெடிப்பார். பிள்ளைகள் அவர் வண்டியில் மூச்சுக்கூடச் சத்தமாக விடாது.

வருகிறது. அட்டையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன், ஏன் ஒளித்தேன் என்று தெரியவில்லை, திருடி மாதிரி. இன்னொரு கை கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விட்டால் தானாகவே மேலே போய் ஆட்டிவிடும். என்னைப் பார்ப்பான், பார்த்தவுடன் உதடு பிதுங்கும், அம்மா என்று கூப்பிட்டானானால் நான் தோற்றேன், எனக்கே தெரியும், ஓடிப்போய்க் கொடுத்துவிடுவேன். அவன் ஜன்னல் வந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. முகம் உள்பக்கம் திரும்பியிருந்தது, பின்மண்டை மட்டும் தெரிந்தது, காலையில் எண்ணெய் வைத்து அவனே சீவிக்கொண்ட பின்மண்டை, கோணல் வகிடு. வேன் எங்கள் வாசலைத் தாண்டியது, பானு வீட்டுச் சுவரைத் தாண்டியது. போய்விட்டது. கை நீட்டவில்லை நான். ஜெயித்தேன் என்று தோன்றவில்லை, அழுகைதான் வந்தது. ஓடு, இப்போது கூட ஓடினால் முனையில் பிடித்துவிடலாம், ஓடு. கால் ஒரு எட்டு எடுத்தும் வைத்துவிட்டது. அப்போது வேனின் பின்விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்தது.

நின்றது. கதவு நகர்ந்தது. வேனில் வரும் ஆயாம்மா கையைப் பிடித்து அவனை இறக்கிவிட்டார். டேவிட் அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டித் தெரு முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"ஏம்மா, தொட்டிகிட்டேருந்து எஞ்சீட்டத் தட்டிக்கிட்டே வரான் உம்புள்ள. வண்டிய நிறுத்துங்கண்ணே, கார்ட மறந்துட்டேன், நானே போய் எடுத்துட்டு வந்துடறேங்கறான். சீக்கிரம் அனுப்பு."

ஒன்றுக்குப் போக வேண்டும் என்று டீச்சரிடம் கேட்க வாய் வராத பிள்ளை. டேவிட் அண்ணனின் சீட்டைத் தட்டியிருக்கிறான். அவன் ஓடி வந்தான், பாட்டில் இடுப்பில் மோத மோத ஓடி வந்தான், கேட்டுக்குள் நுழைந்து என்னைத் தாண்டி, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஒரு எட்டில் வாசற்படி ஏறி ஆணிக்கு நேராகப் போய்விட்டான். என்னிடம் கேட்கவே இல்லை. எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், எதற்குக் கேட்க வேண்டும். எனக்கு வயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் கிளம்பித் தொண்டைக்கு வந்தது, வந்த அந்த நொடியில்தான் துப்பட்டாவுக்குள் அட்டையின் ஓரம் உள்ளங்கையில் குத்தியது.

நான் வாசற்படிக்குப் போனபோது அவன் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கையால் ஆணியைத் தடவிப் பார்த்தான். குனிந்து செருப்புகளுக்கு நடுவில் தேடினான், ஸ்டூலைத் தூக்கிப் பார்த்தான், மறுபடி ஆணியைப் பார்த்தான். வெளியே ஹாரன். முகம் மாற ஆரம்பித்தது, அந்த முகம் எனக்குத் தெரியும்.

"அம்மா, இங்கதான் மாட்டினேன். ஆணியில இல்ல."

துப்பட்டாவை விலக்கி அட்டையைக் காட்டினேன். அவன் அட்டையைப் பார்த்தான், அப்புறம் என்னை. அழவில்லை. அழுகை வந்த வழியே திரும்பிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"நீ எடுத்தியா?"

"ஆமா தங்கம்."

"எடுத்தா எடுத்த எடத்துல வைக்கணும்மா."

நகவெட்டிக்குச் சொல்லும் அதே குரல். கோபம் இல்லை, சட்டத்தை எடுத்துச் சொல்லும்போது யாருக்காவது கோபம் வருமா. கையை நீட்டி அவன் அட்டையை வாங்கிக்கொள்ளவும் இல்லை, தள்ளி நின்று எனக்கு வழி விட்டான். நான் எடுத்த பொருளை நான்தான் வைக்க வேண்டும், அதுதானே நான் சொன்னது. வெளியே டேவிட் அண்ணன் ஹாரனில் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். பானு, கொடுத்தனுப்பு சுகந்தி என்றாள். நான் போனேன், குனிந்தேன், அந்த ஆணிக்கு நான் குனிய வேண்டும், அட்டையை ஆணியில் மாட்டினேன், நாடா முறுக்கிக்கொண்டிருந்தது, அதை நேராக்கினேன். ஹாரன் அடிக்கட்டும். இந்தத் தெருவே வந்து வாசலில் நின்று பார்க்கட்டும். நான் நகர்ந்ததும் அவன் வந்து ஆணியிலிருந்து அட்டையை எடுத்தான், கழுத்தில் மாட்டினான், படம் முன்பக்கம் வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டான், ஓடினான். வேன் கதவு அடைபட்டது. டேவிட் அண்ணன் என்னவோ வைதுகொண்டே போனார், வையட்டும், அவர் வண்டியை இன்றைக்கு என் பிள்ளை நிறுத்தியிருக்கிறான்.

திரும்பினால் கூடத்தில் அவர் நிற்கிறார், இடுப்பில் நனைந்த கைலியோடு, தரையெல்லாம் சொட்டச் சொட்ட. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. மறுபடி மறந்துட்டானா என்று கேட்டார், குரலில் திங்கட்கிழமை இருந்தது.

"மறந்தான். அவனுக்கே ஞாபகம் வந்துச்சு. டேவிட் அண்ணன் வண்டிய நிறுத்தச் சொல்லி, எறங்கி வந்து எடுத்துட்டுப் போறான். அண்ணிகிட்ட சொல்லிடுங்க, திங்கக்கிழமையும் அவன் இங்கேருந்துதான் போவான்."

அவர் வெறும் ஆணியைப் பார்த்தார். நான் அவரைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பால் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். சுகந்தி, துண்டு என்றார் பின்னாலிருந்து, முன்னைவிடத் தணிந்த குரலில். என் நாக்கு கொடியில என்று சொல்லத் தயாராக இருந்தது, அதைப் பல்லுக்கு உள்ளேயே பிடித்துக்கொண்டு தேய்த்தேன். குழாயை நிறுத்தினேன். அப்புறம் ஈரக்கால் நடக்கும் சத்தம், அது கொஞ்சம் நின்றது, மறுபடி நடந்தது. பின்கதவின் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது.